சங்கரபாண்டியன் ரைபிளில் ஒன்றேகால் அங்குலம்

வெடிச்சத்தம் கேட்டதும் நான் டார்கெட்டைத்தான் பார்த்தேன். நூறு மீட்டர் தள்ளி நிறுத்தியிருந்த அட்டையில் ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று தொலைநோக்கியில் தேடிக்கொண்டிருந்தேன். சங்கரபாண்டியனின் முகத்தில் ரத்தம் வழிவதை முதலில் பார்த்தவர் சுடுதளத்தின் ரேஞ்ச் ஆபீசர்.

"நிப்பாட்டு! எல்லாரும் நிப்பாட்டு! அங்கன ஆளுக்கு அடிபட்டிருக்கு!"

திரும்பினேன். ரைபிள் உதைத்ததில், குறிபார்க்க அதன்மேல் பூட்டியிருந்த ஸ்கோப்பின் பின்விளிம்பு அவருடைய இடது புருவத்தைப் பிறை வடிவில் வெட்டியிருந்தது. ரத்தம் இறங்கிக் கண்ணை மூடியிருந்தது. அவருக்குப் பார்வை இருக்கும் ஒரே கண் அது.

"ஒண்ணும் தெரியலயே வே" என்றார் அவர். குரலில் பதற்றமே இல்லை. தரையைத் தடவிக்கொண்டே, "எங்கன வே நிக்கீரு?" என்று கேட்டார்.

அந்த ரைபிளின் கட்டையைச் செய்தவன் நான். அளவு எடுத்தவனும் நான்தான்.

பேட்டையில் லைசென்ஸ் பெற்ற ஒரு துப்பாக்கி ரிப்பேர் பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கட்டை என்பது துப்பாக்கியின் மரப்பகுதி. தோளில் பதிவதும் கன்னம் சாய்வதும் அதில்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அளவுச் சீட்டு எழுதுவேன். அன்றன்று நடந்ததை நாட்குறிப்பிலும் எழுதுவேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் என்னுடைய மற்ற வேலைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளாவிட்டாலும் பாதகமில்லை, அவை சரியாக வந்தவை. இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. அளவு எடுத்தது

சங்கரபாண்டியனைப் பட்டறைக்குக் கூட்டிவந்தவர் அவர் மனைவி பார்வதி அக்கா. பாபநாசத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு வாழைத்தோட்டமும் கொஞ்சம் வயலும் இருக்கின்றன. இரண்டு வருடங்களுக்கு முன் கதிரடிப்பின்போது உமி பட்டுப் புண்ணாகி, அவருக்கு வலக்கண் பார்வை போய்விட்டது. அதுவரை ரைபிள் கிளப் போட்டி ஒன்றைக்கூட விட்டவர் இல்லை. ரைபிள் அவருடைய அப்பாவுடையது. அப்பா மலைமேல் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் வேட்டைக்கென்று வாங்கியது; குழல் அளவு '315 போர்'. வேட்டை சட்டப்படி நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. இவர் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, கிளப்பில் அட்டையைச் சுட்டுவந்தார்.

"அண்ணாச்சி, இவியளுக்கு இடது தோள்ல வச்சுச் சுடுத மாதிரி ஒரு கட்டை செஞ்சு தருவியளா?" என்று எங்கள் முதலாளி ஞானராஜ் அண்ணாச்சியிடம் அக்கா கேட்டார். "ரெண்டு வருசமா வீட்டவிட்டு வெளிய வரமாட்டேங்காவ. படுத்துச் சுடுத பாயி பரண்ல சுருண்டு கெடக்கு. நாள் பூரா டிவி முன்னால இருந்துக்கிட்டு, நியூஸ்ல வாரவன்கூடச் சண்ட போடுதாவ."

"நியூஸ்ல வாரவன் எதுத்துப் பேச மாட்டாம்லா" என்றார் சங்கரபாண்டியன். "இவ பேசுவா."

முதலாளி சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏல ஆறுமுகம், அளவு எடு."

பட்டறையில் ஒரு மாதிரிக் கட்டை இருக்கிறது. வந்தவரை நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, அதைத் தோளில் வைக்கச் சொல்வோம். கண்ணைத் திறந்ததும் பார்வை நேராக ஸ்கோப்புக்குள் போக வேண்டும். விசையிலிருந்து கட்டையின் கடைசி வரை உள்ள நீளத்தை நாங்கள் 'புல்' என்போம். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் பதின்மூன்றே முக்கால் அங்குலம். அளவுச் சீட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.

வேட்டை ரைபிள் என்றால் நிற்கவைத்து அளப்பதுதான் எங்கள் பட்டறையின் வழக்கம். வந்த எஸ்டேட்காரர்கள், பண்ணைக்காரர்கள் எல்லோரையும் அப்படித்தான் அளந்திருக்கிறோம். நின்று சுடுபவர்களுக்கு அதில் குறையே வந்ததில்லை.

2. ஸ்டேஷனில்

வடக்கேயிருந்து வால்நட் பலகை வந்து சேர இரண்டு மாதம் ஆனது. பழைய கட்டையிலிருந்து இரும்பைக் கழற்றி, புதிய மரத்தில் குடையத் தொடங்கிய நான்காம் நாள் தேர்தல் அறிவிப்பு வந்தது. லைசென்ஸ் ஆயுதங்களை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். குழலையும், குண்டைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டையும் துணியில் சுற்றிக்கொண்டு நானும் சங்கரபாண்டியனும் போனோம். ஸ்டேஷனில் பதிவேடு எழுதுபவர் துணியைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"ரைபிள் சார்."

"லைசென்ஸ்ல ரைபிள்னு போட்டிருக்கு. நீரு பம்புசெட்டு குழாயக் கொண்டாந்திருக்கீரு. கட்டை எங்க?"

"செஞ்சுக்கிட்டிருக்கோம் சார்."

"செஞ்சு முடிச்சுக் கொண்டாரும். இல்லன்னா பழசப் பூட்டிக் கொண்டாரும். அரைத் துப்பாக்கிக்கு நான் ரசீது எழுத முடியாது."

பேட்டைக்குத் திரும்பிப் பழைய கட்டையைப் பூட்டி, அன்று மாலையே மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தோம். வழி நெடுக சங்கரபாண்டியன் சிரித்துக்கொண்டே வந்தார். "பம்புசெட்டு குழாயாம்லா! எங்க அப்பா கேட்டிருக்கணும் வே."

தேர்தல் முடியும்வரை இரும்பு அங்கே, மரம் இங்கே. ஆனாலும் வாரம் ஒருமுறை பஸ் ஏறி வந்துவிடுவார். மடியில் ஒரு சீப்பு நாட்டுப்பழம் இருக்கும். வந்ததும் வெறும் மரத்தை எடுத்து இடது தோளில் வைத்து, சுவரில் தொங்கும் காலண்டரைக் குறிபார்ப்பார். முதல் இரண்டு வாரம் கை தடுமாறியது. ஆறாவது வாரம் மரம் அவர் தோளுக்குத் தானாகப் போய் உட்கார்ந்தது. கன்னம் படும் இடத்தில் நான் இழைத்து இழைத்துக் கொடுத்தேன். அத்தனை முறையும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

இரும்பு திரும்பி வந்ததும் குடையும் வேலையைத் தொடர்ந்தேன். விளக்குக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து இரும்பில் பூசி, மரத்தில் அழுத்தி எடுக்க வேண்டும். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி பூச வேண்டும். பதினோரு நாள் ஆனது. என் வேலைகளில் இவ்வளவு இறுக்கமாக இரும்பும் மரமும் சேர்ந்தது வேறில்லை. ரேஞ்சில் முதலில் நானே நின்றபடி மூன்று குண்டு சுட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. ரைபிளை அவர் கையில் கொடுத்தேன். அவர் பாயை விரித்துக் குப்புறப் படுத்தார். நான் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு டார்கெட்டைப் பார்க்கத் திரும்பினேன்.

3. நாட்குறிப்பில் இருந்தது

புருவத்தில் மூன்று தையல். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னார். பார்வதி அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்ததும் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நாந்தான கூட்டிட்டு வந்தேன். சும்மா டிவி பாத்துக்கிட்டு இருந்த மனுசன நாந்தான கூட்டிட்டு வந்தேன்" என்று இரண்டு முறை சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முதலாளி என்னைத் தேற்றப் பார்த்தார். "அவரு மொகத்த முன்னால கொண்டுபோயிட்டாரு. நீ என்னல செய்வ? அளவு சரியாத்தான இருக்கு?"

அளவுச் சீட்டைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிறகு நாட்குறிப்பில், அவர்கள் முதலில் வந்த நாளின் பக்கத்தைப் புரட்டினேன். பார்வதி அக்கா பேசியது பிடித்துப்போய், அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருந்தேன். 'படுத்துச் சுடுத பாயி பரண்ல சுருண்டு கெடக்கு.'

படுத்துச் சுடும்போது கழுத்து முன்னால் நீளும். முகம் கட்டையில் முன்னேறிப்போய் ஸ்கோப்பை நெருங்கிவிடும். அதற்கேற்பப் புல் நீளமாக இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. சொன்னார்கள், எழுதினேன். எழுதியதைக் கொண்டு வேலை செய்யவில்லை.

பக்கத்தை முதலாளியிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தையல் பிரிச்சிருப்பாவளா?"

"நேத்துப் பிரிச்சாச்சு அண்ணாச்சி."

"போயிட்டு வா. டேப்ப எடுத்துக்க."

4. பாய்

பார்வதி அக்கா கதவைத் திறந்தார். "என்ன அண்ணாச்சி, இவ்வளவு தூரம்?"

"அளவு எடுக்கணும் அக்கா."

"இன்னும் என்ன அளவு? எடுத்த அளவு போதாதா?"

நாட்குறிப்பைப் பிரித்து, நின்ற இடத்திலேயே அந்த வரியை வாசித்தேன். "நீங்க அன்னைக்கே சொன்னிய. நான் கேட்டு எழுதியும் வச்சேன். ஆனா அவரை நிக்க வச்சு அளந்தேன். தப்பு என்னுது. உங்களுது இல்ல, அவருதும் இல்ல."

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. சங்கரபாண்டியன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. புருவத்தில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"விட்டுரும் வே. அந்தத் துப்பாக்கி பொட்டிக்குள்ளயே கெடக்கட்டும்."

"ஒரு தடவ படுத்துக் காட்டுங்க. அளந்துட்டுப் போயிருதேன்."

"இந்தக் கண்ணும் போச்சுன்னா? சண்ட போடுத ஆளு மொகமாவது எனக்குத் தெரியாண்டாமா?"

பார்வதி அக்கா உள்ளே போனார். காப்பி போடப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் பத்தமடைப் பாய் இருந்தது. ரேஞ்சில் ரத்தம் சொட்டிய இடத்தைக் கழுவியிருந்தார். கறை முழுதும் போகவில்லை. டிவியை அணைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் பாயை விரித்தார்.

"படுங்க. அளக்கத்தான செய்யுதாவ. அளந்தா கண்ணு போவாது."

போல்ட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். குழலுக்குள் குண்டு இல்லை என்பதை இருவருக்கும் காட்டினேன். அவர் படுத்து, ரைபிளைத் தோளில் வைத்தார். பக்கத்தில் நானும் படுத்து டேப்பைப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு அம்மா தலையை நீட்டினார்.

"ஏ பார்வதி, என்ன ரெண்டு ஆம்பளையும் தரையில கெடக்காவ?"

"அளவு எடுக்காவ மைனி."

"எதுக்கு, சட்டைக்கா? சட்டைக்கு யாரு படுக்கப் போட்டு அளப்பா?"

சங்கரபாண்டியன் சிரித்ததில் கட்டை குலுங்கியது. மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று. மூன்று முறை அளந்தேன். பதினைந்து அங்குலம். நான் எழுதிக் கொடுத்தது பதின்மூன்றே முக்கால். என் தவறு ஒன்றேகால் அங்குலம்.

5. மஞ்சள் வரி

கட்டையின் பின்னால் ஒன்றேகால் அங்குல மரம் சேர்க்க வேண்டும். கன்னம் படும் இடத்தைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். ஸ்கோப்பையும் முன்னால் தள்ள வேண்டும். அதே நிறத்தில் வால்நட் துண்டு என்னிடம் இல்லை. போன வருடக் காற்றில் சாய்ந்த பலா ஒன்றை அறுத்து வைத்திருப்பதாகச் சங்கரபாண்டியன் சொன்னார். நன்றாக உலர்ந்த பலகை, மஞ்சளாக இருந்தது. சாயம் ஏற்றிவிட்டால் ஒட்டு வெளியே தெரியாது என்றேன்.

"சாயம் வேண்டாம் வே. தெரிஞ்சா தெரியட்டும்."

"தெரியத்தான் வேணும்" என்றார் பார்வதி அக்கா. "இல்லன்னா இவிய நாளைக்கு எம்மேலதான் பழியப் போடுவாவ. அண்ணாச்சி தப்பு அண்ணாச்சி கணக்குலயே இருக்கட்டும்."

கருத்த கட்டையின் கடைசியில் ஒரு மஞ்சள் பட்டையாக அது நின்றது.

அடுத்த முறை ரேஞ்சுக்கு அக்காவும் வந்தார். முதலில் நானே அந்தப் பாயில் படுத்து ஐந்து குண்டு சுட்டேன். பிறகு அவரைக் குண்டில்லாமல் படுக்கவைத்து, புருவத்துக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் என் நான்கு விரல்களை விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போனது. அக்கா, "நானும் பாக்கேன்" என்று தன் விரல்களையும் விட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஒரு குண்டைக் கொடுத்தேன்.

சுட்டார்.

"எட்டாம் வட்டத்துல விழுந்திருக்கு!" என்று ரேஞ்ச் ஆபீசர் தொலைநோக்கியிலிருந்து கத்தினார். நான் திரும்பவில்லை. அக்காவும் திரும்பவில்லை.

சங்கரபாண்டியன் தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் எம்மொகத்தயே பாக்கிய? டார்கெட் அங்கனலா இருக்கு!"

"பைய சுடுங்க" என்றார் அக்கா. "நாங்க இங்கனயே பாக்கோம்."

எங்கள் அளவுச் சீட்டில் இப்போது முதல் வரி இதுதான்: நின்றா, உட்கார்ந்தா, படுத்தா? அதை நிரப்பிய பிறகே டேப்பை எடுக்கிறேன். பட்டறையில் ஒரு பாயும் வாங்கி வைத்திருக்கிறோம். புதிதாக வருபவர்கள் எவ்வளவு துல்லியமாக அளக்கிறோம் என்பதைப் பெரிதாக நினைப்பார்கள், நானும் நினைத்தேன். தவறான நிலையில் நிற்பவரை மூன்று முறை அளந்தாலும் மூன்று முறையும் ஒரே தவறான அளவுதான் கிடைக்கும்.

போன மாதம் கட்டைக்கு எண்ணெய் பூச இருவரும் வந்திருந்தார்கள். டிவி எப்படி ஓடுகிறது என்று அக்காவிடம் கேட்டேன்.

"ஓடுது" என்றார். "நியூஸ்ல வாரவன் இப்பத் தனியாத்தான் பேசிக்கிட்டிருக்கான், பாவம்."