முப்பத்திரண்டு எழுத்து

"எக்மோர், ஏழு, பேசின் பிரிட்ஜ், மறுபடி எக்மோர்..." தொலைபேசியில் அந்த அண்ணன் படித்துக்கொண்டே போன குரல் இன்னும் காதில் இருக்கிறது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் எடைபோடும் இயந்திரத்தை ஓட்டியவர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அதற்கான மென்பொருளை அம்பத்தூரில் நாங்கள் எழுதினோம்.

மற்ற தொழிற்சாலைகளில் சரியாக ஓடியது; அங்கே மட்டும் எடை தப்பிக்கொண்டே இருந்தது. ஆபரேட்டருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று அவரைக் கிடங்குக்கு மாற்றப் பேச்சு நடந்தது. எங்கள் மேனேஜருக்கும் அது வசதியாகப் போயிற்று. எடைக் கணக்கு உள்ள லைப்ரரிக் கோப்பில் திருத்தியதை விட்டுப் பழையதை அனுப்பிவிட்டோமோ என்று நான் கேட்கும்போதெல்லாம், "அங்க இருக்கிறதுக்கும் நம்மளதுக்கும் பேர் ஒண்ணு, சைஸ் ஒண்ணு, தேதி ஒண்ணு. இன்னும் என்னம்மா வேணும்?" என்பார். நாங்கள் திருத்தியது ஒரே ஓர் எண். கோப்பின் அளவு எப்படி மாறும்? வெளியே போகும் கோப்புக்கெல்லாம் ஒரே தேதி போடுவதும் எங்கள் வழக்கம்தான்.

கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த முப்பத்திரண்டு எழுத்தாகத் தருவது ஹேஷ். உள்ளே ஓர் எண் மாறினாலும் அந்த வரியே வேறாகிவிடும். இன்று கணினி தானாகவே நொடியில் ஒப்பிட்டுக்கொள்கிறது. அன்று அதற்கான நிரலை ஃபிளாப்பியில் அனுப்பி, திரையில் வருவதை அண்ணனைப் போனில் படிக்கச் சொன்னேன். இரண்டு நாள் வீண். பி, சி, டி, ஈ எல்லாம் அந்த லைனில் ஒரே மாதிரி கேட்டன. மூன்றாம் நாள் அவரே கடுப்பாகி, "இன்னா மேடம், பி-ன்னா டி-ன்றீங்கோ. ஸ்டேஷன் பேரா சொல்றேன், மொத எழுத்த எய்திக்கினே வாங்க" என்றார்.

எழுதியதை ஒப்பிட்டேன். திருத்தத்துக்கு முந்தைய கோப்போடு முப்பத்திரண்டும் பொருந்தின. தப்பு எங்களுடையது.

மேனேஜர் சரியான கோப்பை அனுப்பினார். கூடப் போன கடிதத்தில் 'சிறு கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தது. தட்டச்சு செய்தவள் நான். "யார் தப்புன்னு ஒரு வரி சேர்க்கலாமா சார்?"

"நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கணுமா?"

மறுவாரம் நானே போனேன். இயந்திரத்தில் வேறொருவர் நின்றார். அண்ணன் கிடங்கு வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன எழுத்துகளைக் குறித்திருந்த தாளை எடுத்துக்கொண்டு அவருடைய அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிஷின் இப்ப நல்லாத்தானே ஓடுது? விடுங்க."

வெளியே வந்தேன். அண்ணனே கேட்டார்: "நான் பட்ச்சதுல எதுனா தப்பா பூட்ச்சா மேடம்?"

"ஒரு எழுத்துகூடத் தப்பில்லைண்ணா."

தலையாட்டிவிட்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.