டம்ளரும் கூன்வண்டும்

கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு எதிரே நின்ற தென்னை, மழையில் மடங்கிய குடைபோல ஓலைகளைத் தொங்கவிட்டுச் செத்தபோது, மரத்துக்குச் சொந்தக்காரரைவிட நான்தான் அதிகம் கலங்கினேன். சிவப்புக் கூன்வண்டு என்றார்கள். எங்கிருந்தோ வந்து இங்கே குடியேறிய பூச்சியாம். குருத்தில் முட்டை வைக்கும். புழு உள்ளேயே இருந்து தின்னும். வெளியே தெரியும்போது மரம் முடிந்திருக்கும். நான் ஃபாரம் டூவோடு, அதாவது எட்டாவதோடு, படிப்பை விட்டவன். கவலைப்படுவதில் மட்டும் மேற்படிப்புவரை போனவன்.

எங்கள் வாசலிலும் ஒரு தென்னை உண்டு. தெருவில் எந்த விசேஷமானாலும் தோரணத்துக்குக் குருத்தோலை வெட்ட அதனிடம்தான் வருவார்கள். அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் எங்கள் மகளுக்குக் கல்யாணம். சொந்த மரத்து ஓலையில்தான் தோரணம் என்று என் மனைவி முன்பே முடிவு செய்துவிட்டாள்.

தண்டில் காது வைத்தால் புழு தின்னும் சத்தம் கேட்கும் என்று யாரோ சொன்னார்கள். காலையும் மாலையும் எவர்சில்வர் டம்ளரைத் தண்டில் அழுத்திக் கேட்டேன். டக், டக் என்று சீராகக் கேட்டது. புழுதான் என்று முடிவுகட்டி விவசாய இலாகாவுக்குப் போன் செய்தேன்.

பக்கத்து வீட்டு லோரி டிரைவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, மரத்துக்குக் காய்ச்சலா? நாக்க நீட்டச் சொல்லிப் பாருங்க லா."

ஷா ஆலமிலிருந்து விவசாய இலாகாப் பெண் ஒருத்தி வந்தாள். தமிழ்ப் பெண்தான். நான் டம்ளரில் கேட்ட டக், டக்கைச் சொன்னதும், ஒரு கருவியைத் தண்டில் வைத்துக் கேட்டாள்.

"அங்கிள், புழு தின்னா கரகரன்னு இருக்கும். நீங்க கேட்டது உங்க ரத்தத் துடிப்பு."

பிறகு அண்ணாந்து பார்த்தவள் முகம் மாறியது. "குருத்த யாரு இப்படி வெட்டினது? அந்த வெட்டு வாசனைக்குத்தான் வண்டு வரும். இனிமே வெட்டாதீங்க."

என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பெண் ஒரு மஞ்சள் வாளியும், உள்ளே தொங்கவிட ஒரு மருந்துப் பொட்டலமும் கொடுத்து, மரத்தைவிட்டுத் தள்ளி, கால்வாய்ப் பக்கம் மாட்டச் சொல்லிவிட்டுப் போனாள். கால்வாய்ப் பக்கம் யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? கொசுவர்த்தியைக் கட்டிலுக்குப் பக்கத்தில்தானே வைக்கிறோம்? வாளியை மரத்திலேயே இறுக்கிக் கட்டினேன்.

மறுநாள் வாளிக்குள் வண்டுகள். பெருமையோடு டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பொட்டலத்தில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"அண்ணே, இது வண்ட விரட்டற மருந்து இல்ல. கூப்பிடற வாசனை. மரத்துல பிரியாணி செஞ்சி வச்சி, எல்லாரும் வாங்கன்னு போர்டும் மாட்டிட்டீங்க."

வாளியை அவிழ்த்துக் கால்வாய்ப் பக்கம் கொண்டுபோய் மாட்டினேன். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் வந்து, திட்டாமல் திட்டிவிட்டு, தண்டில் துளை போட்டு மருந்து ஊற்றி அடைத்தாள்.

"புழு உள்ள போயிருந்தாலும் இது கொல்லணும். நான் சொல்றவரைக்கும் இந்த மரத்துத் தேங்காய சாப்பிடாதீங்க. புதுக் குருத்து நேரா வந்தா, மரம் பொழைச்சிதுன்னு வச்சிக்கலாம்."

தோரணப் பேச்சை எப்படி எடுப்பது என்று தவித்துக்கொண்டிருந்தேன். மனைவியே எடுத்தாள்.

"ஓலைய செலாயாங் மார்க்கெட்ல வாங்கிக்கலாங்க. மரம் செத்துப்போனா கல்யாண போட்டோ பூரா உங்க மூஞ்சி இப்படியே தொங்கிப்போயி இருக்கும்."

கல்யாணத்தன்று மார்க்கெட் ஓலை மண்டபத்துக்கு வந்தது. கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன சம்பந்தி, ஏதாச்சும் தொலைஞ்சி போச்சா?"

"ஒண்ணுமில்லண்ணே," என்றாள் என் மனைவி. "மாப்பிள்ளைய விசாரிச்சதவிட ஓலையத்தான் நல்லா விசாரிக்கறாரு."

வீடு திரும்பியதும் பட்டுவேட்டியோடு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கொண்டையின் நடுவில் வெளிர்மஞ்சளாய் ஒரு குருத்து, கொஞ்சமும் சாயாமல் நிமிர்ந்து நின்றது. கண் கூசும்வரை பார்த்தேன்.

"வேட்டிய மாத்திட்டு வந்து பாருங்க அண்ணே," என்றார் டிரைவர். "அது எங்கயும் ஓடிப் போவாது."

அன்று டம்ளரை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் எடுத்தேன்.