பக்கத்து இடம்

முப்பது வயதில் இஸ்லாத்துக்கு வந்த அந்த வெள்ளைக்கார சர்வேயரை ஊர்க்காரர்களும் முஸ்லிம்களுமாக இரண்டு தரப்பும் 'பாலம்' என்றுதான் சொல்லும். பாலமென்றால் வசதிதானே, இவர்களும் மிதிக்கலாம், அவர்களும் மிதிக்கலாம். மனிதர் அதற்கும் சிரிப்பார்.

கிழக்கு நாடுகளிலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம்களுக்கு அந்த ஊரில் செத்தால் அடங்க இடமில்லை. நகராட்சியில் அதிகாரி, சர்வேயரின் சொந்த அக்கா புருஷன். "மதம் மாறினது போதாதுன்னு மண்ணு வேற கேக்குறியா?" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். அந்த அத்தானிடமே பதினோரு வருடம் நாயாய் அலைந்து, பொதுக் கல்லறையின் ஒரு மூலையில் நாற்பது குழிக்கு இடம் வாங்கினார். மக்கா இருக்கும் கிப்லா திசை பார்த்துக் குழிகளுக்குக் கோடு போட்டதும் அவர்தான். அதற்குள் அக்கா, குடும்பக் கல்லறையில் தம்பிக்கென்று இருந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள். போகட்டும், நமக்குத்தான் இங்கே இருக்கிறதே என்று இருந்தார்.

வியாழக்கிழமை தொழுகைக் கூடத்தில், அந்த இடம் யார் யாருக்கென்று கமிட்டிக்காரர்கள் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பது பெயர். மூன்று தடவை படித்தும் அவர் பெயர் இல்லை. கீழே கையெழுத்து, இருபத்தாறு வருடமாக அவரோடு தோள் உரசித் தொழுத தையல்காரருடையது.

நேரே கடைக்குப் போனார். தையல்காரர் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இடம் கம்மி பாய். குடும்பம் குட்டியோட இருக்கவங்களுக்கு மொதல்லன்னு கமிட்டில முடிவாச்சு. உங்களுக்கென்ன, இது உங்க ஊரு. உங்க ஆளுங்க பாத்துக்க மாட்டாங்களா?"

"என் ஆளுங்க யாரு?"

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"பக்கத்துல நின்னு தொழ நான் வேணும். பக்கத்துல படுக்க மட்டும் ஆகாதா?"

"கையெழுத்துப் போடலன்னா என் பேரையும் எடுத்துடுவோம்னாங்க," என்றார் தையல்காரர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை. போகவே கூடாதென்றுதான் நினைத்தார், கால் கேட்கவில்லை. தையல்காரர் வந்து இடப்பக்கம் நின்றார். வரிசையில் இடைவெளி ஆகாது, சர்வேயர் விலகவில்லை. தோள் பட்டது. தொழுகையை முடிக்கும்போது வலமும் இடமும் முகம் திருப்பி, பக்கத்திலிருப்பவருக்கு அமைதி உண்டாகட்டும் என்று சலாம் சொல்ல வேண்டும். வலப்பக்கம் திரும்பிச் சொன்னார். இடப்பக்கம் திரும்பினார். எல்லோரும் அதே பக்கம் திரும்பியிருந்ததால் தையல்காரரின் பின்கழுத்துதான் தெரிந்தது. அந்தப் பக்கம் சலாம் சொல்லாமலே எழுந்து போனார்.