விலாசம் எழுதிய புங்குஸ்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த வாரம், ஜெலுத்தோங் பிளாட்டில் அவளுடைய சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டாள். நான் வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. உயிரணுக்கள் கண்ணுக்குத் தெரியாத பைகளில் சரக்கு வைத்து ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்கின்றன, அந்தப் பைக்குள் புற்றுநோய் மருந்தை ஏற்றப் பார்க்கிறோம் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. மேசைமேல் கடையில் பொட்டலமாகக் கட்டி வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸ் இருந்தது. அதைக் காட்டினேன்.

"இந்த மாதிரி புங்குஸ்தான்க்கா. உள்ள மருந்து, மேல விலாசம். கட்டி எங்க இருக்கோ அங்க மட்டும் போய்ப் பிரியும்."

"அப்ப முடி கொட்டாதா?"

"கொட்டாது."

சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான், அதனால் மீதியை விழுங்கிவிட்டேன். நாங்கள் இன்னும் எலியையே தாண்டவில்லை. எலியிலும் பைகளில் பாதிக்கு மேல் நாங்கள் எழுதிய விலாசத்தை மதிக்காமல் ஈரலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இதைச் சொல்வதற்குப் பதில், அவள் கேட்டாளே என்று அந்தப் பைகளின் ஆங்கிலப் பெயரை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். எக்ஸோசோம். படித்தவள் என்ற திமிர், வேறென்ன.

அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம், "என் புங்குஸ் ரெடியாயிடுச்சா லா?" என்பாள். "அடுப்புல இருக்குக்கா" என்று நானும் விளையாடுவேன்.

அவள் விளையாடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கீமோவுக்கு இரண்டு தடவை போனவள் மூன்றாவதுக்குப் போகவில்லை. பஸ்ஸில் போகும்போது ஓர் அழகு நிலையத்தின் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறாள். இறங்கி, கைப்பையிலிருந்த தாளை எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். வாரம் ஒரு முறை கையில் ஊசி குத்தி ஏற்றினார்களாம். இரண்டு மாதம் கழித்து என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

"உன் புங்குஸ் இங்கயே கிடைக்குதுடி. நீதான் லேட்டு."

கடைக்காரியிடம் போய்க் கத்தினேன். "நாங்க நோய்க்குன்னு சொல்லவே இல்லையே, முகம் பளபளப்பாகத்தான்" என்றாள். அக்காவுக்கென்று மிச்சமிருந்த ஒரு புட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, ஆய்வுக்கூடத்தில் பைகளை எண்ணும் கருவியில் வைத்தேன். ஒரு பைக்கு ஒரு புள்ளி என்று திரை நிறைந்திருக்க வேண்டும்; நாலைந்து புள்ளிகள்தான் நகர்ந்தன. மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர்.

அக்காவிடம் சொல்லவில்லை. அதற்குள் நோய் ஈரலுக்குப் போயிருந்தது. புற்றுக்கட்டியும் தன் பங்குக்கு இதே மாதிரிப் பைகளை அனுப்பி, தான் போகப்போகும் இடத்தைத் தயார் செய்துகொள்ளும். அதன் பைகள் மட்டும் விலாசம் தவறுவதில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள், அக்காவைவிட இளையவள். அக்கா அவளிடம் என் புகழ் பாடி வைத்திருந்தாள்: தங்கச்சி செய்கிற மருந்து, ஒரு கடையில்கூடக் கிடைக்கிறது, உடம்பை வாட்டாது. நான் போய் உட்கார்ந்ததும் அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, அந்தக் கடை எங்க இருக்கு? எனக்கும் இந்தக் கீமோ முடியல லா."

அக்கா என்னையே பார்த்தாள், சொல்லு என்பது போல.

"போயிடாதீங்க. அது வெறும் உப்புத் தண்ணி. டாக்டர் குடுக்குறத விட்றாதீங்க" என்றேன்.

அக்காவிடம் மூன்று வாரமாகச் சொல்ல முடியாததை, பெயர்கூடத் தெரியாத ஒருத்திக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சாப்பாட்டு வண்டி வந்து போன பிறகு, திரும்பாமலே கேட்டாள்.

"உன்னோடதுலயாவது மருந்து இருக்கா?"

"இருக்குக்கா."

அது எங்கே போய்ச் சேர்கிறது என்று அவள் கேட்கவில்லை.