வலது ஸ்பீக்கர்

அவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். பொறுமை மருந்துக்கும் கிடையாது; தாள் சிக்கினால் மெஷினையே உதைப்பார். அப்படிப்பட்டவர், கட்டிலுக்கடியில் பல வருஷமாகக் கிடந்த ஸ்டீரியோ செட்டை இழுத்துத் துடைத்தார். துணி தேய்க்கும் மேடையாகிவிட்ட இரண்டு ஸ்பீக்கர்களையும் மீட்டு ஹாலில் மாட்டினார். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாட்டை வைத்தார்.

இடது பக்கம் கணீரென்று பாடியது. வலது பக்கம் கிணற்றுக்குள்ளிருந்து முனகியது.

ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். அப்போதும் வலதுதான் முனகியது. புது ஒயர் வாங்கிப் போட்டார். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து, ஊதி, மூடினார். அந்தப் பாழாய்ப்போன வலது மசியவே இல்லை.

"எந்த மடையன் செஞ்ச செட்டு இது!" ஸ்க்ரூடிரைவர் பறந்தது.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "நாற்காலிய அந்தப் பக்கமா திருப்பிப் போட்டு உக்காருங்க."

"வெளையாடறியா?"

"உக்காருங்களேன்."

உட்கார்ந்தார். இவ்வளவு நேரம் கணீரென்று பாடிய ஸ்பீக்கர் இப்போது அவருக்கு வலது பக்கம் வந்திருந்தது. அது முனகியது. முன்பு முனகியது இப்போது கணீரென்று பாடியது. கை தானாக வலது காதுக்குப் போனது. வருஷக்கணக்காக மெஷின் இரைந்தது அந்தப் பக்கம்தான்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னே, எப்பவும் இடது பக்கமாவே வந்து ஏன் பேசறேனாம்?"

"தெரிஞ்சா வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?" என்று எரிந்து விழுந்தார்.

"சொன்னேனே. வலது பக்கம் நின்னு சொல்லித் தொலைச்சுட்டேன்."