சேத்தூருக்கு மேற்கே ஒரு நாய், ஒரு தாய்மாமன், ஒரு ஊசிப் பெட்டி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், கீழே வரும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பப் போவதில்லை. வேண்டுமானால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன். என் மனைவி இன்றுவரை நம்பவில்லை. இந்தக் கதையில் வருகிற ஜீப் டிரைவரே ஒருமுறை முழுசாகக் கேட்டுவிட்டு, "இது எப்ப சார் நடந்துச்சு?" என்றார்.

நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதம். அப்போது நான் குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்துக்கு மண்டல அலுவலர். தென்பாண்டிச் சீமையின் பச்சிளம் தொடைகள் அத்தனையும் என் ஆளுகையில் இருந்தன. எனக்கு ஊசி போடத் தெரியாது. மற்றவர்கள் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கைகட்டிக்கொண்டு பார்க்கத் தெரியும்.

சேத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். பெயரை எழுத மாட்டேன். அந்தத் தாய்மாமன் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார். அந்த ஊரில் பொன்னுத்தாய் என்பவரின் கைக்குழந்தைக்கு, கக்குவானையும் சேர்த்துத் தடுக்கும் முத்தடுப்பூசியில் முதலாவதைப் போட்ட அன்று இரவு காய்ச்சல் அடித்தது. அந்த ஊசிக்குக் காய்ச்சல் வருவது சகஜம், மறுநாள் இறங்கிவிடும். இறங்கியும்விட்டது. ஆனால் ஊருக்குள் வதந்தி ஏறிவிட்டது. அடுத்த மாதம் ஒரு தாயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அதே சமயம் அந்தப் பக்கத்தில் கக்குவான் இருமல் தலைகாட்டுவதாகத் தகவல் வந்தது. நாலு மாதப் பிள்ளைக்குக் கக்குவான் வந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருந்த எவனும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். அதோடு இன்னொரு தகவல்: ஊசிப் பெட்டியோடு எவன் வந்தாலும் நாயை அவிழ்த்து விடுவேன் என்று பொன்னுத்தாயின் அண்ணன் அறிவித்திருக்கிறார்.

ஆகவே அரசு என்னை அனுப்பியது.

மதுரையில் அதிகாலை பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரம். இறங்கியதும் தைரியத்துக்காக நூறு கிராம் பால்கோவா தின்றேன். தைரியம் வரவில்லை. இன்னொரு நூறு தின்றேன். அதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஓட்டுபவர் சேத்தூர்க்காரர் சங்கிலி. பின்சீட்டில் நர்ஸ் லில்லி புஷ்பம், மடியில் நீலநிற ஊசிப் பெட்டி. சுற்றிலும் ஐஸ் வைத்து, நடுவில் மருந்து. அவித்தெடுத்த கண்ணாடி சிரிஞ்சுகள் தனியாக ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில்.

அங்கிருந்து ராஜபாளையம் பதினொரு கிலோமீட்டர். வழி முழுக்கச் சங்கிலி எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார்.

"சார், அது வெள்ளை நாய். குலைக்கவே குலைக்காது."

"அப்படியா? நல்லதாப் போச்சு."

"நல்லது இல்ல சார். குலைக்கிற நாயின்னா நமக்கு ஓட நேரம் இருக்கும். இது சத்தமில்லாம வந்து பிடிக்கும்."

"சங்கிலி அண்ணே, செத்த நேரம் சும்மா வாங்க. சார் மூஞ்சி வெளுத்துப் போச்சு," என்றார் நர்ஸ்.

ராஜபாளையத்தில் டீ குடித்தோம். சேத்தூர் தாண்டி மேற்கே திரும்பியதும் மலைச் சாரல் பிடித்துக்கொண்டது. வழியில் எட்டு யானைகள் எங்களை மறித்தன. நான் ஒரு பார்வை பார்த்தேன், ஒதுங்கிவிட்டன. பிறகு ஓர் ஓடை. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். "மேல மழை பேஞ்சா இது ஆள் உசரம் வரும் சார்," என்றார் சங்கிலி. அவரிடம் இருந்த ஆறுதல்கள் அதோடு தீர்ந்தன.

ஊர் எல்லையில் ஜீப்பை நிறுத்தியபோது முதலில் என் காதில் விழுந்தது நாய் அல்ல. ஒரு வீட்டிலிருந்து இருமல். இருமல், இருமல், இருமல், இடையில் மூச்சே இல்லை. கடைசியில் காற்றை இழுக்கும்போது ஒரு கூவல். நர்ஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். இரண்டு வயதுப் பிள்ளை. இருமி முடிக்கும்போது உதடு நீலம் பாரித்தது. தாயையும் பிள்ளையையும் அப்போதே ஜீப்பில் ஏற்றி, ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

"சேத்துவிட்டுட்டு ஓடியாரேன் சார்," என்று சங்கிலி கிளம்பினார்.

இந்த இருமல் வீட்டுக்குச் சுவரொட்டிய அடுத்த வீடுதான் பொன்னுத்தாயுடையது. அவர் குழந்தையை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்று, ஜீப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். படியில் அவர் அண்ணன். மீசை ஒவ்வொரு பக்கமும் ஒரு முழம். அவர் காலடியில் நாய். தேரடியில் நிற்கும் தேரைப் பார்த்திருப்பீர்கள். அதைவிட ஒரு சாண் குட்டை. அது குலைக்கவில்லை. என்னைப் பார்த்தது, அவ்வளவுதான்.

நர்ஸ் மெதுவாகத் தொடங்கினார். "பொன்னுத்தாயி, பாத்தேல்ல அந்தப் பிள்ளைய? உம்பிள்ளைக்கு ரெண்டாவது ஊசி போட்டிரணும்த்தா."

"அன்னைக்கு ராத்திரி எம்பிள்ளை அனலாக் கொதிச்சுச்சே, நீங்களா மடியில வச்சிருந்தீக?" பொன்னுத்தாய் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்தார். "எனக்குப் பயமா இருக்கு நர்ஸம்மா. போட்டாலும் பயமா இருக்கு, போடாட்டாலும் பயமா இருக்கு."

"அதான் சொல்லுதாள்ல? கிளம்புங்க," என்று அண்ணன் எழுந்தார். நாயும் எழுந்தது. நான் நர்ஸுக்குப் பின்னால், மண்டல அலுவலருக்கு உரிய கம்பீரத்தோடு, ஒளிந்துகொண்டேன்.

பிறகு பொன்னுத்தாய் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏண்ணே, இந்த நாய் குட்டியா இருக்கையில ஊசி போட ராசபாளையத்துக்குத் துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கென்னட்டி இப்ப?"

"ரெண்டு நாளு கஞ்சி குடிக்காம சுருண்டு கிடந்துச்சே. அந்த நாய் டாக்டரைக் கடிக்க நாயை அவுத்து விட்டியா? ஊசின்னா அப்படித்தான் இருக்கும், பொறவு சரியாயிரும்னு நீதானே சொன்னே? நாய்க்கு ஒரு நியாயம், உன் மருமகனுக்கு ஒரு நியாயமா?"

அண்ணனின் மீசை ஒரு முழத்திலிருந்து அரை முழமாகச் சுருங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

"இந்தா பிடி," என்று குழந்தையை அவர் கையில் கொடுத்தார் பொன்னுத்தாய். "காது குத்துனா தாய்மாமன் மடியிலதானே குத்தணும்? இதையும் உன் மடியிலயே குத்தட்டும். என்னால பாக்க ஏலாது."

அண்ணன் உட்கார்ந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "குத்துங்க. ஆனா காய்ச்சல் வந்து இறங்குற வரைக்கும் இந்த சார் இங்கனயே இருக்கணும். நாய் பாத்துக்கிடும்."

நர்ஸ் ஊசி போட்டார். குழந்தை வீறிட்டது. தாய்மாமன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அதைவிடப் பெரிதாக வீறிட்டார். அதைப் பார்த்த மற்ற தாய்மார்களும் பிள்ளைகளோடு வந்தார்கள். ஆனால் சும்மா வரவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் ஊசி கிடையாது என்று அந்த இடத்திலேயே ஒரு சட்டம் பிறந்துவிட்டது. வயலுக்குப் போன மாமன், டீக்கடை மாமன், பக்கத்து ஊர் மாமன் என்று ஆள்விட்டுக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். பெட்டியில் மருந்து தீர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

ஜீப் வரவில்லை. மேலே மழை, ஓடையில் ஆள் உயரத் தண்ணீர் என்று மாடு ஓட்டி வந்த ஒருவர் சொன்னார். விளக்கு வைக்கும் நேரத்தில் பொன்னுத்தாயின் குழந்தைக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. நர்ஸ் உள்ளே உட்கார்ந்து காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கைக் கரைத்துக் கொடுத்தார், ஈரத்துணியால் துடைத்தார். நான் வெளியே கயிற்றுக்கட்டிலில். எதிரே நாய். நான் கால் மாற்றிப் போட்டால் அது தலையை உயர்த்தும்.

அந்த இரவைப் பற்றி எழுத மாட்டேன். எழுதினால் இப்போதும் எனக்குச் சட்டை நனைந்துவிடும். ஒன்று மட்டும்: நாயைவிட, உள்ளே குழந்தை சிணுங்குவது நிற்கும்போதெல்லாம் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

விடிந்ததும் பொன்னுத்தாய் வெளியே வந்து, என் கையைப் பிடித்துக் குழந்தையின் நெற்றியில் வைத்தார். குளிர்ந்திருந்தது. அண்ணன் நாயைக் கூப்பிட்டுக் கட்டினார்.

இனி நீங்கள் போவதானால் சில யோசனைகள். ஆடியில் ஓடை தாண்டும் பாதையை நம்பாதீர்கள். புரட்டாசிக்கு முன் வானம் வெறிக்கிற ஒரு வாரமாகப் பார்த்துப் போங்கள். பால்கோவா சூடாகக் கிடைக்கும் கடையில் வாங்கி இரண்டு நாளில் தின்று தீருங்கள். வெள்ளை நாயைக் கண்டால் கண்ணைப் பார்க்காதீர்கள், வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். கைக்குழந்தை இருந்தால் ஊசிகளை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஊசி போடுபவரிடம், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்காமல் எழாதீர்கள்.

நம்பவில்லை அல்லவா? சரிதான். யானைகள் பாறைகளே. மீசை சாதாரண மீசை. நாய் என் முழங்காலுக்குச் சற்று மேலே வரும். விடியற்காலையில் அது என் செருப்பின்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்ததையும் நீங்கள் நம்பாமலிருக்கலாம், உங்கள் இஷ்டம்.

அந்த இருமலை மட்டும் நான் இட்டுக்கட்டவில்லை. அதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. கடைசியில் வருகிற அந்தக் கூவலுக்காக நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது உண்மை.