பவுசரில் இடமில்லாதவளின் புத்தளப் பயணம்

கலியாணமாகி ஆறு வருடம். என் மனுசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீர்கொழும்பைத் தாண்டி ஒரு நீளப் பயணம் போகவேண்டும், இதுதான் என் ஆசை. பெரிய ஆசை இல்லைத்தானே? ஆனால் அவர் ஓட்டுவது பவுசர், பெற்றோல் கொண்டுபோகும் டாங்கி லொறி. கிழமையில் ஐந்து நாள் அவர் ரோட்டில், ஆறு நாள் நான் வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில். கொழும்பு, கொட்டாஞ்சேனை வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாய் விழித்திருக்கும் நேரம் மிகக் குறைவு.

போன மாதம் எனக்கு ஒரு வியாழன் லீவு கிடைத்தது. அதே நாள் அவருக்குப் புத்தளம் லோட். பவுசரில் சாரதியும் உதவியாளரும் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் அது பெற்றோல் இருக்கும்போதுதானே? இறக்கிய பிறகு வெறும் தகரம்தானே? ஆகவே போகும்போது பஸ், வரும்போது பவுசர் என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன். அவரிடம் மூச்சு விடவில்லை.

காலை 6.10க்கு வீட்டிலிருந்து ஓட்டோவில் புறக்கோட்டைக்கு 350 ரூபா. 6.45 பஸ், புத்தளம் வரை டிக்கெட் 520. தூரம் 130 கிலோமீற்றர் சொச்சம். சிலாபத்தில் தேநீருக்குப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். 11.05க்குப் புத்தளம். மடியில் சோத்துப் பார்சல் மூன்று: இறால் குழம்பு, பருப்பு, மோர்மிளகாய் பொரியல். மூன்றாவது பார்சல் உதவியாளர் நிமல் அய்யேக்கு. சிங்களத்தில் அவர் எனக்கு அய்யே, அண்ணன்; நான் அவருக்கு நங்கி, தங்கச்சி. என் மனுசனை என்னைவிட அதிக நேரம் பார்க்கிற பாக்கியசாலி அவர்.

அவர் எப்போதும் இறக்கும் எரிபொருள் நிலையம் நகரத்துக்கு வெளியே. ஓட்டோவில் போகும்போதே ஏழு தடவை அவருக்குப் போன் எடுத்தேன், போனை நிறுத்தி வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் பவுசர் நிற்கிறது, குழாய் நிலத்துக்குள் இறங்கியிருக்கிறது, அவர் அதன் பக்கத்தில். நான் பார்சலைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி ரோட்டைக் கடந்தேன்.

“அங்கையே நில்லும்!”

ஆறு வருடத்தில் என்னைப் பார்த்து அவர் போட்ட முதல் சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே பின்வாங்கி எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் போய் நின்றேன்.

நாற்பது நிமிடம் நின்றேன். அப்போதுதான் அவருடைய வேலையை முதல் தடவையாகப் பார்த்தேன். டாங்கியிலிருந்து ஒரு வயர் நிலத்துக்குப் போகிறது, மின்பொறி வராமலிருக்க. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். வண்டியைச் சுற்றிச் செம்மஞ்சள் கூம்புகள். பின்பக்கம் தீச்சுவாலை போட்ட சிவப்பு அபாயப் பலகை. சிகரெட்டோடு வந்த ஒருவரை நிமல் அய்யே கெஞ்சாத குறையாகத் திருப்பி அனுப்பினார். குழாயை விட்டு என் மனுசன் கண் எடுக்கவில்லை. எத்தனை நாள் மத்தியானம் இந்த நேரத்தில் போன் எடுத்துவிட்டு, பதில் இல்லை என்று வீட்டில் முகத்தை நீட்டியிருப்பேன். வெட்கமாக இருந்தது.

எல்லாம் முடிந்ததும் வந்து, “பயந்திட்டீரே?” என்றார். நான் பார்சல்களை நீட்டினேன். பவுசரைத் தனியே விட்டுவிட்டுச் சாரதியும் உதவியாளரும் ஒன்றாய் நகரக்கூடாது. “நங்கி, நீங்க ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்க. நான் வண்டிக்கிட்ட நிக்கிறேன்,” என்று நிமல் அய்யே தன் பார்சலை வாங்கிக்கொண்டார். கடலேரியான களப்போரம் போய் உட்கார்ந்தோம். உப்புக் காற்று. இருபத்தைந்து நிமிடம்தான், ஆனால் அவர் என் பக்கத்தில் இருந்தார்.

“போகேக்கை உங்களோடைதான் வாறன்,” என்றேன்.

“எதிலை?”

“பவுசரிலைதான். இப்ப வெறும் டாங்கிதானே.”

அவர் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. “உமக்கென்ன விசரே? நிறைஞ்ச டாங்கியை விட வெறும் டாங்கிக்குத்தான் எனக்குப் பயம். உள்ளுக்கை முழுக்கப் பெற்றோல் ஆவி. வெடிக்க ஒரு பொறி காணும். கழுவி ஆவி போகுமட்டும் அந்த அபாயப் பலகையைக்கூடக் கழட்டேலாது.”

“அப்ப நீங்கள் மட்டும் ஏறலாமோ?”

“அது என்ரை வேலையப்பா.”

“நான் ஆசையா வந்தனான்.”

“தெரியும்,” என்றார். பிறகு, எனக்குத் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பவுசர் 1.15க்குப் புறப்பட்டது. ஏறுவதற்கு முன் ஒன்றே ஒன்று சொன்னார்: “பஸ்ஸிலை இடப்பக்க யன்னல் சீட்டிலை இரும்.” பின்னேர வெயில் மேற்கில், அதாவது வலப்பக்கம் அடிக்கும். ஆறு வருட ஆசைக்குக் கிடைத்தது நிழல் என்று முறுகிக்கொண்டு, 1.40 பஸ்ஸில் அதே சீட்டில் இருந்தேன்.

மதுரங்குளி தாண்டி பஸ் ஹோர்ன் அடித்து எதையோ முந்தத் தொடங்கியது. யன்னலுக்கு வெளியே தீச்சுவாலை போட்ட சிவப்புப் பலகை வந்தது. பிறகு நீளமான டாங்கி. பிறகு வலப்பக்கச் சாரதி ஆசனம். அதில் அவர்!

கை நீட்டினால் எட்டும் தூரம். என் யன்னலும் அவர் யன்னலும் பக்கத்துப் பக்கத்தில். அவர் திரும்பவில்லை, கண் ரோட்டில், இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அந்த வலக்கையில் ஒரு விரல் மட்டும் மெல்ல உயர்ந்தது. இருபது எண்ணும் நேரம் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே ரோட்டில் போனோம். அது நிழலுக்கான சீட் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பக்கத்துச் சீட் அம்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அபாயப் பலகை போட்ட வண்டியில், வெறுமையாக இருந்தாலும், இடம் கேட்காதீர்கள். எண்ணெய் இறக்கும் நேரத்தில் சாரதிக்குப் போன் எடுத்துப் பதில் இல்லை என்று கோபிக்காதீர்கள். புத்தளத்தில் வெயில் கொடுமை, குடை கொண்டு போங்கள். திரும்பும்போது சிலாபத்தில் பஸ் பத்து நிமிடம் நிற்கும், அதற்குள் பின்னால் விட்ட வண்டிகள் எல்லாம் முந்திப் போய்விடும், பஸ் அவற்றை மறுபடி முந்தவேண்டிவரும். அங்கே தேநீர் நல்லது என்கிறார்கள். எனக்குத் தெரியாது, நான் அந்த இடப்பக்க யன்னல் சீட்டை விட்டு இறங்கவில்லை.